பள்ளியில் வயலின் கற்கப்போகும் குழந்தைக்கு வயலின் வாங்குவது எப்படி?

ஜூன் மாதம் பள்ளி திறந்த கையோடு ஒரு சுற்றறிக்கை வரும்: வயலின் வகுப்பில் சேரும் மாணவர்கள் சொந்தமாக வயலின் கொண்டு வர வேண்டும். பெரும்பாலும் அதில் அவ்வளவுதான் இருக்கும். என்ன சைஸ், கடையில் எதைப் பார்த்து வாங்குவது, வாங்கி வந்ததும் என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. இசை தெரியாத பெற்றோரும் தாங்களே பார்த்து வாங்கும் அளவுக்கு இதை எழுதியிருக்கிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். குழந்தையின் கைக்குச் சரியான சைஸ், குதிரையும் (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) தந்தியும் ஒழுங்காகப் பொருத்திய கருவி, இந்த இரண்டும்தான் முக்கியம். பளபளப்பு, நிறம், பெட்டியின் அழகு எல்லாம் பிறகுதான்.

படி 1: கடைக்குப் போகும் முன் ஆசிரியரிடம் கேளுங்கள்

மூன்று கேள்விகள் போதும். சொல்லித்தரப் போவது கர்நாடக இசையா, மேற்கத்திய இசையா? உட்கார்ந்து வாசிப்பார்களா, நின்றா? கர்நாடகம் என்றால் எந்தச் சுருதி, அதாவது 'ச'-வை எந்த உயரத்தில் வைப்பார்கள்?

மேற்கத்திய முறையில் நான்கு தந்திகளையும் கனமானதிலிருந்து வரிசையாக ஜி, டி, ஏ, இ என்ற ஸ்வரங்களுக்குச் சேர்ப்பார்கள். கர்நாடக முறையில் ச-ப-ச-ப என்று சேர்ப்பார்கள். ஐந்து கட்டைச் சுருதியில், அதாவது ஜி-யை ஸட்ஜமாக ('ச'-வாக) வைத்தால், கனமான இரண்டு தந்திகளும் அப்படியே இருக்கும். ஏ தந்தியை ஜி-க்கும் இ தந்தியை டி-க்கும் இறக்கினால் போதும். குழந்தைகள் பாடும் குரலுக்கும் இந்தச் சுருதி பெரும்பாலும் ஒத்துவரும். இதற்கும் நன்றாகக் கீழே இறக்கினால் சின்ன வயலினில் தந்தி தொய்ந்துபோய், ஒலியும் மங்கிவிடும். அதனால்தான் சுருதியை முதலிலேயே கேட்கச் சொல்கிறேன்.

படி 2: வயலின்தானா என்று ஒருமுறை யோசியுங்கள்

வீணை மேல் ஆசை இருந்தால் நல்லதுதான். ஆனால் தஞ்சாவூர் வீணை ஏறக்குறைய நான்கடி நீளம், பலாமரத்தில் செய்தது, கனமும் அதிகம். ஏழு வயதுக் குழந்தை அதன் மெட்டுகளுக்கு (தந்தியை அழுத்தும் உலோகப் பட்டைகளுக்கு) கையை நீட்டவே சிரமப்படும். பள்ளி வேனில் தினமும் கொண்டுபோகவும் முடியாது. கிதாரில் சின்ன சைஸ்கள் உண்டு; நைலான் தந்தி போட்டதாக வாங்கினால் விரல் அவ்வளவாக வலிக்காது.

பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்திலேயே, 1800களின் தொடக்கத்தில், வயலின் நம் கச்சேரிக்குள் வந்துவிட்டது. கர்நாடகம் கற்க ஆரம்பிக்கும் குழந்தை பிறகு மேற்கத்திய இசைக்குப் போக விரும்பினாலும் கருவி அதேதான். நான்கு வயதுக் குழந்தைக்குக்கூடப் பொருந்தும் சைஸில் கிடைப்பதும் இதன் வசதி.

படி 3: கையை அளந்து பாருங்கள்

வீட்டில் இருக்கும் தையல் டேப் போதும். குழந்தையை நேராக நிற்கவைத்து, இடது கையைத் தோள் உயரத்தில் பக்கவாட்டில் நீட்டச் சொல்லுங்கள். உள்ளங்கை மேலே பார்க்கட்டும். கழுத்தும் தோளும் சேரும் இடத்திலிருந்து உள்ளங்கையின் நடு வரை அளக்க வேண்டும்.

ஏறக்குறைய 16½ அங்குலம் இருந்தால் 1/8 சைஸ்.
18½ அங்குலம் இருந்தால் 1/4.
20 அங்குலம் இருந்தால் 1/2.
22 அங்குலம் இருந்தால் 3/4.
23 அங்குலத்தைத் தாண்டினால் முழு சைஸ், அதாவது 4/4.

1/2 என்றால் நீளத்தில் பாதி என்று நினைத்துவிடாதீர்கள். முழு சைஸ் வயலினின் உடல் 14 அங்குலம். 1/2 சைஸின் உடல் 12 அங்குலத்துக்கும் சற்று அதிகம். அடுத்தடுத்த சைஸ்களுக்கு நடுவே ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம்தான் வித்தியாசம். குழந்தையின் விரலுக்கு அதுவே பெரிது.

அளவு இரண்டு சைஸுக்கு நடுவில் வந்தால் சின்னதையே எடுங்கள். நம் வீடுகளில் பள்ளிச் சீருடையை ஒரு சைஸ் பெரிதாக வாங்கி மடித்துத் தைப்போம், "வளர்ற பிள்ளைதானே" என்று. வயலினில் மட்டும் அது வேண்டாம். பெரிய வயலினில் சுண்டுவிரல் எட்டாது. எட்டவைக்க மணிக்கட்டை முறுக்கும், தோளைத் தூக்கும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால், பிறகு சரியான சைஸ் கொடுத்தாலும் அதை மாற்ற ஆசிரியர் படாத பாடு பட வேண்டும்.

படி 4: கடையில் கையில் கொடுத்துப் பாருங்கள்

டேப் அளவு ஆரம்பக் கணக்குதான். குழந்தையைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

நின்று வாசிக்கும் முறை என்றால், வயலினை இடது தோளில் வைத்து, கையை நீட்டிச் சுருள் தலையை (வயலினின் நுனியில் சுருண்டிருக்கும் பகுதியை) பிடிக்கச் சொல்லுங்கள். முழங்கை லேசாக மடிந்திருக்க, விரல்கள் சுருளைச் சுற்றி வளைந்து பிடித்தால் சைஸ் சரி. கை விறைத்து நீண்டால் பெரிது.

கர்நாடக முறை என்றால் தரையில் உட்காரவைத்துத்தான் பார்க்க வேண்டும். கூச்சப்படாமல் கடைக்காரரிடம் ஒரு விரிப்பு கேளுங்கள். குழந்தை சம்மணம் போட்டு, வலது பாதத்தைக் கொஞ்சம் முன்னால் வைக்கட்டும். சுருள் தலை வலது கணுக்காலில் படிய வேண்டும், வயலினின் அடிப்பக்கம் இடது தோளுக்குக் கீழே மார்பில் சாய்ந்து நிற்க வேண்டும். கருவியைத் தாங்கும் வேலை இடது கைக்கு இருக்கக் கூடாது. கமகத்துக்கு, அதாவது ஸ்வரங்களை அசைத்து வாசிப்பதற்கு, அந்தக் கை தந்தி மேல் தாராளமாக வழுக்கிப் போய்வர வேண்டுமே. வயலின் பெரிதாக இருந்தால் குழந்தையின் முதுகு பின்னால் சாயும். பக்கத்தில் நின்று பார்த்தாலே தெரியும்.

அப்புறம் வில். வயலின் சைஸும் வில்லின் சைஸும் ஒன்றாக இருக்க வேண்டும். வில்லை நுனி வரை இழுக்கும்போது வலது கை உடம்புக்குப் பின்னால் போனால் வில் நீளம்.

இடது கைப் பழக்கமுள்ள குழந்தைக்குத் தனி வயலின் தேட வேண்டாம். மற்றவர்களைப் போலவே பிடித்துக் கற்றுக்கொள்ளலாம்.

படி 5: கருவியைச் சோதியுங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். வாசிக்கத் தெரியாதவர்களும் செய்யக்கூடிய சோதனைகள்தான் இவை.

*பிரடை.* சுருள் தலைப் பக்கம் தந்திகளை முறுக்கும் திருகுகள். நான்கையும் திருப்பிப் பாருங்கள். திருப்பிய இடத்தில் நிற்க வேண்டும். விட்டவுடன் சுழன்று தந்தி தளர்ந்தால் வீட்டில் தினமும் சுருதி சேர்ப்பதே பெரும்பாடாகிவிடும். அடிப்பக்கத்தில் நான்கு தந்திக்கும் ஃபைன் ட்யூனர் (சுருதியை நுணுக்கமாகச் சரிசெய்யும் சின்னத் திருகு) இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆரம்ப நிலைக்கு அது பெரிய உதவி.

*குதிரை.* தந்திகளைத் தாங்கும் மெல்லிய மரத்துண்டு. அதன் இரண்டு கால்களும் பலகையில் இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் முன்னால் சாய்ந்திருக்கக் கூடாது. அதை யாரும் பசை போட்டு ஒட்டுவதில்லை. தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது.

*சவுண்ட் போஸ்ட்.* பலகையில் இருக்கும் 'எஃப்' வடிவத் துளை வழியாக செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பாருங்கள். உள்ளே பென்சில் மாதிரி ஒரு குச்சி நிமிர்ந்து நிற்க வேண்டும். அது விழுந்திருந்தால் ஒலி செத்துவிடும், மேல்பலகைக்கும் ஆபத்து.

*தந்தியின் உயரம்.* மலிவு வயலின்களில் இதுதான் பெரிய குறை. சுருள் தலைப் பக்கம், தந்திகள் விரல்பலகைக்குள் (விரலால் தந்தியை அழுத்தும் நீளப் பலகைக்குள்) நுழையும் இடத்தில் தந்திக்கு அடியில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிப் பாருங்கள். ஒன்று நுழைந்தால் போதும்; மூன்று நான்கு சேர்த்து நுழைந்தால் தந்தி மிக உயரம். பிறகு உங்கள் விரலாலேயே அங்கே தந்தியை அழுத்துங்கள். உங்களுக்கே வலித்தால் குழந்தை ஒரு வாரத்தில் வயலினைத் தொடாது. கற்கப் பிடிக்கவில்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம். குறை கருவியில் இருக்கும்.

*ஒட்டு.* ஓரங்களில் விரல் முட்டியால் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் மட்டும் சலசலவென்று ஒலித்தால் பலகையின் ஒட்டு அங்கே விட்டிருக்கிறது.

நிறம் நிறமாக, பொம்மை விலையில் இணையத்தில் விற்கும் வயலின்களில் இவை எதையும் சோதிக்க முடியாது. வாடகைக்குக் கிடைத்தாலோ, சீனியர் மாணவர் விட்ட சைஸ் கிடைத்தாலோ தாராளமாக எடுங்கள். நல்ல நிலையில் இருக்கும் பழைய வயலின், ஒழுங்காகப் பொருத்தாத புதியதைவிட எவ்வளவோ மேல்.

படி 6: வீட்டுக்கு வந்ததும்

புது வில்லை இழுத்தால் சத்தமே வராது. பயப்படாதீர்கள், வில்லின் குதிரைவால் முடியில் ரோசின் (வில்லுக்குத் தேய்க்கும் பிசின் கட்டி) ஏறவில்லை, அவ்வளவுதான். புது ரோசின் கட்டி கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும். நைசான உப்புக்காகிதத்தால் மேலே லேசாகத் தேய்த்து வெள்ளைப் பொடி வந்ததும், வில்லின் முடியை அதன் மேல் அடி முதல் நுனி வரை பொறுமையாகத் தேயுங்கள். முதல் தடவை நிறைய நேரம் பிடிக்கும். அப்புறம் மூன்று நான்கு இழுப்பு போதும். முடியை விரலால் தொடக் கூடாது, எண்ணெய்ப் பசை பட்டால் தந்தியில் பிடிக்காது.

வாசித்து முடித்ததும் வில்லின் திருகைத் தளர்த்த வேண்டும். தந்திகளைத் தளர்த்த வேண்டாம். தந்தி மாற்றும்போதும் ஒன்றைக் கழற்றி, புதியதைப் போட்ட பிறகே அடுத்ததைத் தொடுங்கள்; நான்கையும் ஒரேயடியாகக் கழற்றினால் குதிரையோடு சவுண்ட் போஸ்டும் விழுந்துவிடலாம். அதை நிமிர்த்திவைக்கக் கடைக்குத்தான் போக வேண்டும்.

சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வயலினை வைக்காதீர்கள். சூட்டில் பசை இளகி ஒட்டு விடும். மழைக்காலத்தில் பிரடை இறுகும், ஏசி அறையில் தளரும். இறுகினால் முரட்டுத்தனமாகத் திருகாமல் ஆசிரியரிடம் கொடுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி கையை அளந்து பாருங்கள். அளவு அடுத்த சைஸைத் தொட்டு, உட்காரவைத்துப் பார்த்தாலும் பொருந்தினால், ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றலாம். வாங்கும்போதே கடையில் பழைய சைஸைக் கொடுத்து அடுத்ததை எடுத்துக்கொள்ளும் வசதி உண்டா என்று கேட்டு, ரசீதிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.