வலி போன பிறகுதான் பத்தியம்

பல்லைப் பிடுங்கிய அன்றே இம்பிளான்ட் (பல் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் முறுக்கும் டைட்டானியம் திருகு) வைத்து, மேலே தற்காலிகப் பல்லும் மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு நான் ஒரு தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுப்பேன். வைத்ததிலிருந்து 21ஆவது நாள். "அன்னிலேர்ந்து ரெண்டு வாரம் இன்னும் கவனமா வாயைக் கட்டுங்க."

முதல் நாள் அந்தத் திருகு நிற்பது, மரத்தில் முறுக்கிய திருகு நிற்பது போலத்தான். அப்படி இறுக்கிப் பிடித்த பழைய எலும்பை உடம்பு மெல்லக் கரைக்கும். புது எலும்பு வந்து ஒட்டக் காலம் எடுக்கும். மூன்று, நான்கு வாரம் ஆகும்போது பிடி மிகக் குறைவு. அதற்குள் வலி போயிருக்கும், கை தட்டைக்கு நீளும். தீபாவளிக்கு "ஒண்ணே ஒண்ணு சார்" என்று கடித்த பெரியவருக்குத் திருகையே கழற்ற வேண்டியதாயிற்று. ஏறக்குறைய 150 மைக்ரான், அதாவது இரண்டு தலைமுடிக் கனத்துக்குமேல் அது அசைந்துகொண்டே இருந்தால், சுற்றிலும் எலும்புக்குப் பதில் நார்த்திசு வளரும்.

ஆகவே வைத்த நாளிலிருந்தே 6 முதல் 8 வாரம் இட்லி, இடியாப்பம், குழைந்த சோறு, முள் எடுத்த மீன். சப்பாத்தியைக் கடித்து இழுக்காதீர்கள். கரும்பு, கறி எலும்பு பேச்சே வேண்டாம். தூக்கத்தில் பல்லை நறநறப்பவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டுக்காரம்மாவைக் கேட்டால் தெரியும்.

ஒற்றைப் பல்லென்றால், கடிக்கும்போதும் தாடையைப் பக்கவாட்டில் அசைக்கும்போதும் எதிர்ப்பல் அதைத் தொடவே கூடாது. பல் படும் இடத்தில் சாயம் ஒட்டும் வண்ணத்தாள் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டுக்குப் போனபின் தட்டுவதுபோல் இருந்தால் அன்றே திரும்பி வாருங்கள்.

திருகு ஏறும்போது 35 நியூட்டன் சென்டிமீட்டர் அளவுக்காவது இறுக்கம் கிடைக்காவிட்டால் நான் அன்று பல் மாட்டுவதில்லை. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. இந்தச் சிகிச்சையைத் தொடங்கிவைத்த ஸ்வீடனின் பிரோனேமார்க்கே கீழ்த்தாடைக்கு 3 மாதம், மேல்தாடைக்கு 6 மாதம் காத்திருக்கச் சொன்னவர்தான். மேல் முன்பல்லில் உதட்டுப் பக்க எலும்புச் சுவர் பலருக்கு 1 மில்லிமீட்டர்கூட இருக்காது. அங்கே திருகுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் எலும்புத் தூள் நிரப்புவேன்.

பீடி, சிகரெட்டை நிறுத்துங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள்.

வைத்த அன்று எடுத்த எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் வருடத்தில் ஒரு மில்லிமீட்டர் போல எலும்பு இறங்கலாம். அதன்பின் வருடத்துக்கு 0.2 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். பழைய படம் இல்லாமல் வந்து "தேய்ஞ்சிருக்கா டாக்டர்?" என்றால் நான் எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது?