பாலிலிருந்து ஒரு பெப்டைடைத் தூண்டில் போட்டுப் பிடிப்பது எப்படி?

ஒரு புரதத்தை வெட்டினால் பல துண்டுகள் வரும்; அவைதான் பெப்டைடுகள். நமக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. முதல்முறை செய்பவர்களுக்கு நான் பாலைத்தான் சொல்வேன். பாலிலுள்ள பீட்டா கேசின் என்ற புரதத்தில் 209 அமினோ அமிலங்கள். புரதத்தை வெட்டும் நொதியான டிரிப்சின் வெட்டினால் முதல் 25 அமினோ அமிலங்கள் ஒரே துண்டாகக் கழன்று வரும். அந்தத் துண்டில் 4 பாஸ்பேட்டுகள் இருக்கும், அவை கால்சியத்தைக் கண்டால் விடாது. அந்தக் கால்சியம்தான் நம் தூண்டில்.

1. கேசின். ஆடை நீக்கிய பால் 100 மில்லியில், கலக்கிக்கொண்டே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பிஎச் 4.6 வந்ததும் பால் திரிந்து கட்டி இறங்கும். மேல்நீரைக் கொட்டிவிட்டு, கட்டியை இரண்டு மூன்று தடவை நீரில் அலசுங்கள்.

2. வெட்டுதல். கட்டியைச் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு பிஎச் 8-இல் கரையுங்கள். பாஸ்பேட் பஃபர் (பிஎச்சை மாறாமல் வைக்கும் கரைசல்) வேண்டவே வேண்டாம்! பின்னால் கால்சியம் சேர்க்கும்போது கால்சியம் பாஸ்பேட் வெள்ளையாக இறங்கும்; பெப்டைடு கிடைத்துவிட்டது என்று ஏமாந்துபோவீர்கள். 100 பங்கு கேசினுக்கு 1 பங்கு டிரிப்சின், 37 டிகிரி, சில மணி நேரம். டிரிப்சின் லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்களுக்குப் பின்னால் வெட்டும். அடுத்து புரோலின் என்ற அமினோ அமிலம் இருந்தால் பெரும்பாலும் வெட்டாது. வெட்ட வெட்ட பிஎச் இறங்கும், அவ்வப்போது கொஞ்சம் காரம் விட்டுக்கொண்டே இருங்கள்.

3. நிறுத்துதல். கொதிநீரில் 10 நிமிடம் வையுங்கள். அமிலம் மட்டும் போதாது. அமிலத்தில் டிரிப்சின் தூங்கும், சாகாது. ஆறியதும் பிஎச்சை 4.6-க்கு இறக்கினால் வெட்டுப்படாத கேசின் அடியில் போய்விடும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றித் தெளிநீரை மட்டும் எடுங்கள்.

4. தூண்டில். தெளிநீரின் பிஎச்சை 7 ஆக்கி, கால்சியம் குளோரைடு 1 சதவீதம் வரும்படி சேர்த்து ஒரு மணி நேரம் விடுங்கள். அப்புறம் அதே அளவு எத்தனால். கண்ணெதிரே கலங்கும். மறுபடி சுற்றினால் அடியில் வெள்ளைப் படிவு.

ஆனால் அதில் நம் துண்டு மட்டும் இல்லை. ஆல்ஃபா கேசின்களின் பாஸ்பேட் துண்டுகளும் கூடவே மாட்டியிருக்கும்.

5. பிரித்தல். படிவை 0.1 சதவீத டிரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலத்தில் கரைத்து, சி18 காலம் (column, பெப்டைடுகளைப் பிடித்துவைத்துப் பிரிக்கும் குழாய்) உள்ள எச்பிஎல்சி என்ற பிரிப்புக் கருவியில் ஏற்றி, அசிட்டோநைட்ரைலைப் படிப்படியாகக் கூட்டுங்கள். இங்கேதான் நான் ஒருமுறை அரைநாளைத் தொலைத்தேன். பழக்கதோஷத்தில் கருவியின் ஒளியுணரியை 280 நானோமீட்டரில் வைத்துவிட்டு, கோடு தட்டையாகக் கிடக்கிறதே என்று அந்தக் காலம் குழாயைச் சந்தேகப்பட்டேன். இந்தத் துண்டில் 280-இல் ஒளியை உறிஞ்சும் டிரிப்டோபானும் கிடையாது, டைரோசினும் கிடையாது. 280-இல் தெரிய அதில் எதுவுமே இல்லை. பெப்டைடு பிணைப்பே தெரியும் 214-க்கு மாற்றியதும் உச்சிகள் வரிசையாக எழுந்தன.

ஒவ்வொரு உச்சியையும் தனிக் குழாயில் பிடித்து நிறை அளவியில் பாருங்கள். 3,122 டால்டனை (மூலக்கூறு நிறையின் அலகு) ஒட்டி வருவதுதான் நம் ஆள். 80 குறைவாக வந்தால் ஒரு பாஸ்பேட் இல்லை என்று அர்த்தம். அந்தக் குழாயைத் தனியே வையுங்கள், கலந்துவிடாதீர்கள்.