பழைய லாரி ஸ்டார்ட் ஆகலையா? டீசல் பம்பைக் கழற்றுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்

திருச்செங்கோடு பக்கம் போர்வெல் போடும் ரிக் வண்டிகளும் தண்ணி லாரிகளும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. ஊரெல்லாம் புது வண்டி ஓடினாலும், தண்ணி சுமக்க இன்னும் பழைய டாடா 1210-தான். டாடாவும் பென்ஸும் சேர்ந்து வண்டி செய்தது 1954 முதல் 1969 வரைதான். ஆனால் வயசான டிரைவர்கள் இன்னமும் அதை 'பென்ஸ் வண்டி' என்றுதான் சொல்வார்கள். அந்த வண்டி ஒருநாள் காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால், எனக்குப் போன் போடும் ஓனர் பெரும்பாலும் தீர்ப்போடுதான் பேச ஆரம்பிப்பார். "பம்ப் போயிடுச்சுங்க. கழட்டிப் பம்ப் கடையில குடுத்துரலாமுங்களா?"

அவசரப்பட வேண்டாம். சிலிண்டருக்கு ஒன்றாக வரிசையில் நிற்கும் சின்னத் தண்டுகளால் (பிளஞ்சர்) டீசலை அழுத்தி அனுப்பும் பழைய மைக்கோ இன்லைன் பம்ப் லேசில் போகாது. (அந்தக் கம்பெனி 2008-இலேயே பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது, பம்பின் மேல் உள்ள பித்தளைப் பட்டையில் மைக்கோ என்றுதான் இருக்கும், எங்கள் வாயிலும் அப்படித்தான் வரும்.) பம்பைக் கழற்றினால் டீசல் அளவைச் சரிசெய்யும் கலிபரேஷன் கூலி, டீசல் பீச்சும் நேரத்தைச் சரியாக வைக்கும் டைமிங் வேலை, வண்டி நிற்கும் நாட்கள் என்று செலவு எங்கேயோ போய்விடும். எல்லாம் முடிந்து பூட்டிய பிறகும் அதே கோளாறு அப்படியே இருக்கும். ஏனென்றால் கோளாறு பம்புக்கு இந்தப் பக்கம், டேங்குக்கும், அதிலிருந்து டீசலை உறிஞ்சிக் கொடுக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் இருந்திருக்கும்.

அதனால் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "செல்ஃப் அடிக்கும்போது சைலன்சர்ல புகை வருதுங்களா?"

இந்த ஒரு கேள்வியிலேயே வேலை பாதியாகக் குறையும். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் புகையே இல்லை என்றால் சிலிண்டருக்குள் டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை குப்குப்பென்று வருகிறது, ஆனால் என்ஜின் பிடிக்கவில்லை என்றால் டீசல் போகிறது, எரியவில்லை. அது கம்ப்ரஷன், டைமிங், நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் முனை), இல்லையென்றால் டீசலில் தண்ணீர். கறுப்புப் புகை கக்கிக்கொண்டே பிடிக்கத் திணறினால் முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். ரிக் வண்டி என்றால் உள்ளே கல்மாவு அப்பிக்கொண்டிருக்கும்.

செல்ஃப் சரியாகச் சுற்றுகிறதா

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இதில் மர்மம் எதுவும் இல்லை. டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும்போது வரும் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு சிலிண்டர் சுவரிலேயே இறங்கிவிடும். டீசல் சரியாக வந்தாலும் பிடிக்காது.

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். லைட் அடியோடு மங்கினால் பேட்டரி அல்லது டெர்மினல். லைட் அப்படியே பிரகாசமாக இருந்து, 'டக்' என்று மட்டும் சத்தம் வந்தால் செல்ஃப் மோட்டாரின் சொலினாய்டு, கார்பன் பிரஷ். 24 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டு இருக்கும். மீட்டர் வைத்துத் தனித்தனியாகப் பாருங்கள். முழு சார்ஜில் ஒவ்வொன்றும் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது ஒன்று மட்டும் 9-க்குக் கீழே விழுந்தால் அதுதான் குற்றவாளி. அப்புறம் எர்த் கேபிள். சேஸில் போல்ட் போட்ட இடத்தில் துருவும் பெயின்ட்டும் இருந்தால், பேட்டரி புதிதாக இருந்தும் பயனில்லை. கழற்றி, எமரி போட்டுத் தேய்த்து, இறுக்கிப் பூட்டுங்கள். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். நடுவில் ஒரு நிமிஷமாவது விட்டு அடியுங்கள்.

இன்னொன்று. ஸ்டாப் கேபிளைப் பாருங்கள். இழுத்து வண்டியை நிறுத்தியிருப்பார்கள், குமிழை உள்ளே தள்ளியும் இருப்பார்கள், ஆனால் கேபிள் துருப்பிடித்துப் பம்பில் இருக்கும் லீவர் நிறுத்தும் பக்கமே நின்றிருக்கும். கேபினுக்குள் உட்கார்ந்து பார்த்தால் தெரியாது. பானட்டைத் திறந்து, லீவரைக் கையால் தள்ளிப் பாருங்கள். இதற்காகவே முப்பது கிலோமீட்டர் போய்வந்த மெக்கானிக்குகள் உண்டு.

கேன் வைத்துப் பார்ப்பது

செல்ஃப் சரி, ஸ்டாப் லீவர் சரி, புகை மட்டும் இல்லை. இப்போது டேங்கிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வர வேண்டாம். லைனை நடுவில் பிரித்துப் பாருங்கள்.

சுத்தமான ஐந்து லிட்டர் கேனில் நல்ல டீசல் ஊற்றி, கேபினுக்குப் பக்கத்தில், ஃபீட் பம்பைவிட உயரமான இடத்தில் கட்டுங்கள். டேங்கிலிருந்து ஃபீட் பம்புக்கு வரும் லைனைக் கழற்றிவிட்டு, அங்கே கேனிலிருந்து ஒரு டியூபைச் சொருகிக் கிளிப் போடுங்கள். உள்ளே டீசல் தெரிகிற மாதிரி டியூப் இருந்தால் நல்லது. ஏர் எடுத்துவிட்டு, அதாவது லைனில் உள்ள காற்றை வெளியேற்றிவிட்டு (எப்படி என்று கீழே சொல்கிறேன்) ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி பிடித்து, கால் மணி நேரம் ஐடிலிலும் ஆக்சிலேட்டர் கொடுத்தும் தடுமாறாமல் ஓடினால், டீசல் பம்ப், ஃபில்டர், நாசில் எல்லாம் சரி. கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில். பம்ப் கடைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை.

என் அனுபவத்தில் பழைய வண்டியில் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்கும்.

கண்ணில் படாத காற்று

டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள லைன் உறிஞ்சும் லைன். டீசல் ஒழுகினால் தரையில் சொட்டு தெரியும், துணியில் கறை தெரியும். ஆனால் உறிஞ்சும் பக்கத்தில் வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுகிற கதை. லைன் முழுக்கக் காய்ந்து சுத்தமாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "லைன்ல ஒண்ணுமில்லைங்க" என்று டிரைவர் சொல்வார்.

இப்படிப்பட்ட வண்டிக்கு ஒரு குணம் உண்டு. ஓட்டிக்கொண்டிருக்கும்போது பெரிதாகத் தெரியாது. ராத்திரி நிறுத்தி வைத்தால் காற்று புகுந்து டீசல் மெல்ல டேங்குக்கே திரும்பிவிடும். காலையில் செல்ஃப் அடித்தால் இரண்டு வினாடி பிடித்து, 'புஸ்' என்று அணையும். பைப்பில் மிச்சம் இருந்தது எரிந்து தீர்ந்துவிட்டது. இந்தச் சந்தேகம் வந்தால், ராத்திரி வண்டியின் மூக்கு பள்ளத்தைப் பார்க்கிற மாதிரி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்திப் பாருங்கள். டேங்க் மேலே, என்ஜின் கீழே. மறுநாள் காலையில் சட்டென்று பிடித்தால், லைனில் காற்று நுழைகிறது என்பது அநேகமாக உறுதி.

எங்கே நுழைகிறது? நான் பார்க்கும் வரிசை இது. முதலில் ரப்பர் ஹோஸ். வெளியே நன்றாகத்தான் இருக்கும். வளைத்துப் பிடித்தால் தோலில் மெல்லிய கீறல்கள் திறக்கும். கிளிப்புக்குக் கீழே கல் மாதிரி இறுகிப்போயிருக்கும். அதைத் தட்டிக்கொட்டி மேலும் இறுக்காதீர்கள், மாற்றுங்கள். இரண்டாவது, பேஞ்சோ போல்ட்டின் (உள்ளே டீசல் போகத் துளை உள்ள போல்ட்) செம்பு வாஷர்கள். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புது வாஷர் போட வேண்டும். கிடைக்காவிட்டால் பழையதை அடுப்பில் செந்தணலாகச் சுட்டுத் தண்ணீரில் போட்டால் செம்பு மறுபடி மெத்தென்று ஆகும். அதுவும் ஒரு அவசரத்துக்குத்தான். மூன்றாவது, ஃபீட் பம்பில் கையால் டீசல் அடிக்கும் ஹேண்ட் பிரைமர். குமிழைத் திருகி எடுத்து அடித்துவிட்டு, திரும்ப முழுக்க இறுக்காமல் விட்டுவிடுவார்கள். அந்த வழியாகவே காற்று போகும்.

ஹேண்ட் பிரைமர் ஒரு நல்ல சாட்சியும்கூட. குமிழை மேலே இழுக்கும்போது கனமாக இருந்து, விட்டதும் தானே கீழே இறங்கினால், டேங்க் பக்கம் ஏதோ அடைத்திருக்கிறது. இழுத்தாலும் அழுத்தினாலும் வெறுமையாக, பிடிப்பே இல்லாமல் போய்வந்தால் காற்று, அல்லது ஃபீட் பம்பின் வால்வில் தூசி. அந்த வால்வுகள் சுண்டுவிரல் நுனி அளவுதான். ஒரு துணி நூல் மாட்டினாலே போதும், ஒரு பக்கம் மூடாது. மேலே உள்ள பெரிய நட்டைக் கழற்றி, வால்வையும் ஸ்பிரிங்கையும் நல்ல டீசலில் கழுவிப் பூட்டுங்கள். சில பம்புகளில் உள்ளே வரும் வழியிலேயே ஒரு குட்டிச் சல்லடை இருக்கும். அது இருப்பதே பலருக்குத் தெரியாது.

அடைப்பு என்றால் டேங்குக்குப் போக வேண்டும். ஃபீட் பம்ப் பக்கம் லைனைக் கழற்றி, டேங்க் மூடியையும் எடுத்துவிட்டு, அந்த லைன் வழியாகக் கம்ப்ரசர் காற்றைக் கொஞ்சமாக விடுங்கள். டேங்குக்குள் 'களக் களக்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பிக்கப் குழாயின் சல்லடையில் துருவோ பாசியோ அடைத்திருக்கிறது. வண்டி மேட்டில் லோடோடு ஏறும்போது திணறி நின்று, பத்து நிமிஷம் கழித்து ஒன்றுமே நடக்காதது மாதிரி ஸ்டார்ட் ஆகிறதா? அது இந்த அடைப்பின் வேலை. என்ஜின் நின்றதும் உறிஞ்சுவது நின்று, ஒட்டியிருந்த குப்பை கீழே விழுந்துவிடும்.

டேங்க் மூடியில் காற்று போகும் சின்ன ஓட்டை இருக்கும். மழைத்தண்ணீர் போகக் கூடாது என்று மூடிக்குக் கீழே பாலிதீன் கவர் வைத்துத் திருகுகிற வழக்கம் நம் ஊரில் நிறைய உண்டு. டேங்குக்குள் காற்று நுழைய வழியில்லை என்றால் டீசலும் வெளியே வராது. ஓடி நின்ற வண்டியின் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால், கவரைத் தூக்கி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

டேங்கின் அடித் திருகை, வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு காலையில் திறங்கள். வரும் முதல் அரை லிட்டரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வையுங்கள். தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். பாதி டேங்கோடு நாள்கணக்காக நிற்கும் வண்டிகளில் இது சகஜம்.

ஏர் எடுப்பது

லைனில் எதைக் கழற்றிப் பூட்டினாலும் ஏர் எடுக்காமல் வண்டி பிடிக்காது. ஃபில்டர் இரண்டு இருந்தால், டேங்க் பக்கம் உள்ளதில் தொடங்குங்கள். மேலே உள்ள ஏர் ஸ்க்ரூவை ஒன்றிரண்டு சுற்று தளர்த்தி, ஹேண்ட் பிரைமரை அடியுங்கள். முதலில் நுரை வரும், அப்புறம் குமிழியோடு டீசல் வரும், அதற்கப்புறம் கம்பி மாதிரி தெளிவாக வரும். தெளிவாக வந்த பிறகும் நாலைந்து அடி அடித்து, அடித்துக்கொண்டே ஸ்க்ரூவை இறுக்குங்கள். நிறுத்திவிட்டு இறுக்கினால் ஒரு மடக்குக் காற்றைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். அடுத்து இரண்டாம் ஃபில்டர், அதற்கடுத்து டீசல் பம்பின் பக்கவாட்டில் உள்ள ஸ்க்ரூ. எவ்வளவு அடித்தாலும் குமிழி நிற்கவே இல்லை என்றால் காற்று இன்னும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. மேலே சொன்ன ஹோஸ், வாஷர் பக்கமே திரும்பிப் போங்கள்.

பிறகு நாசில் பக்கம் இரண்டு மூன்று பைப்புகளின் நட்டைத் தளர்த்தி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். நட்டின் ஓரத்தில் டீசல் துடித்துத் துடித்து வந்ததும் இறுக்குங்கள். இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். நாசில் திறக்கும் அழுத்தம் சுமார் 200 பார். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும். வெளியே ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், உள்ளே அழுக ஆரம்பித்துவிடும். கையை வைத்துப் பார்க்கவே கூடாது, அட்டையைக் காட்டிப் பாருங்கள். யாருக்காவது பட்டுவிட்டால், வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஏர் ஃபில்டரில் பெட்ரோல் துணி வைத்து ஸ்டார்ட் செய்வதையும் விட்டுவிடுங்கள். பெட்ரோல் ஆவி நேரம்கெட்ட நேரத்தில் வெடித்து பிஸ்டனையே பதம் பார்க்கும். பற்றினால் கேபினும் போகும். இன்னொரு வண்டியில் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்வது பழைய வண்டியில் நடக்கும், ஆனால் ஏர் டேங்கில் காற்று இல்லாவிட்டால் உங்கள் வண்டியில் பிரேக் இருக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

பம்ப்தான் என்று தெரிந்தால்

கேன் வைத்தும் வண்டி பிடிக்கவில்லை, பம்ப் வரை டீசல் தெளிவாக வருகிறது, நாசில் பக்கம் மட்டும் ஒரு சொட்டும் இல்லை. அப்போது பம்பின் பக்கவாட்டு மூடியைத் திறந்து, செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். பிளஞ்சர் ஸ்பிரிங்குகள் வரிசையாக ஏறி இறங்க வேண்டும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் ஒன்றிரண்டு ஸ்பிரிங் அமுங்கியபடியே மேலே நிற்கும். அந்த பிளஞ்சர் பிடித்துக்கொண்டது. ஒன்று பிடித்தாலே டீசல் அளவை மாற்றும் ரேக் கம்பி நகராது, மற்ற எல்லாச் சிலிண்டரும் பட்டினி. துரு விடும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஸ்பிரிங்கின் அடித்தட்டை ஸ்க்ரூ டிரைவரால் மெல்ல நெம்பினால் சில சமயம் விடும். சுத்தியல் எடுக்காதீர்கள். பிளஞ்சருக்கும் அது ஓடும் பேரலுக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான்.

காலையில் நன்றாகப் பிடிக்கும் வண்டி, சூடான பிறகு நிறுத்தினால் பிடிக்க மறுக்கிறதா? அதுதான் உண்மையான தேய்மானம். சூட்டில் டீசல் இளகி, தேய்ந்த இடைவெளி வழியே நழுவிவிடுகிறது. ஈரத் துணியைப் பம்பின் மேல் கொஞ்ச நேரம் போட்டுவைத்த பிறகு பிடித்தால், சந்தேகமே வேண்டாம், எலிமெண்ட் (பிளஞ்சரும் பேரலும் சேர்ந்த ஜோடி) மாற்ற வேண்டியதுதான். கொதிக்கும் பம்பில் வாளித் தண்ணீரை அப்படியே ஊற்றுகிறவர்களும் உண்டு. பிளஞ்சர் அங்கேயே பிடித்துக்கொள்ளும், வேண்டாம்.

கழற்றுவதற்கு முன், பம்பைப் பூட்டும் ஃபிளாஞ்சிலும் என்ஜினோடு சேர்க்கும் கப்ளிங்கிலும் உள்ள டைமிங் கோடுகளைத் துடைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் உளியால் மெல்லக் கோடு போடுங்கள். பைப்பைக் கழற்றிய வாய்களுக்கெல்லாம் மூடி போடுங்கள், வேஸ்ட் துணியைத் திணிக்காதீர்கள். பம்ப் கடையில் மாற்றிய பழைய எலிமெண்டுகளைக் கேட்டு வாங்கி வாருங்கள். பூட்டிய பிறகு முதல் வாரம் ஆயில் கேஜைத் தினமும் எடுத்துப் பாருங்கள். என்ஜின் ஆயிலே பம்புக்கும் போகிற வண்டியில் அளவு ஏறிக்கொண்டே போய், ஆயில் விரலில் தண்ணியாகத் தெரிந்து டீசல் வாசனை அடித்தால், பம்புக்குள்ளோ ஃபீட் பம்ப் வழியாகவோ டீசல் கசிகிறது. வண்டியை நிறுத்திவிட்டு, பம்பை அதே கடைக்குத் திரும்ப எடுத்துப் போங்கள்.