தொடைக் குழிக்கு க்ரீம்: வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே அளப்பது எப்படி?

தொடையில் கமலா ஆரஞ்சுத் தோல் மாதிரி குழி குழியாகத் தெரிகிறதே, அதுதான் செல்லுலைட். அடியில் இருக்கும் கொழுப்பு மேலே தள்ளும், நார்த்திசு தோலைக் கீழே இழுத்துப் பிடிக்கும், நடுவில் குழி விழும். நோய் இல்லை. பெரும்பாலான பெண்களுக்கு உண்டு, ஒல்லியானவர்களுக்கும்தான். இதற்கென்று விற்கும் க்ரீம்கள் பலவற்றில் இருப்பது ஏற்காட்டுக் காப்பிக்கொட்டையில் இருக்கும் அதே காஃபின்.

நான் முதலில் ஏமாந்தது போட்டோவில். க்ரீமுக்கு முன்பு ஜன்னலோர வெயிலில் எடுத்தேன். ஒரு மாதம் கழித்து ராத்திரியில், ட்யூப்லைட்டுக்கு நேராக. குழியே காணோம்! மறுநாள் ஜன்னலோரம் நின்றால் எல்லாம் அப்படியே இருந்தது.

படி 1: ஒரு பக்கம் மட்டும் க்ரீம்

வலது தொடைக்கு க்ரீம், இடது தொடைக்கு வெறும் தேங்காய் எண்ணெய். இரண்டையும் 3 நிமிடம் ஒரே மாதிரி தேய்க்க வேண்டும். எண்ணெய் எதற்கு? தேய்ப்பதாலும் ஈரப்பசையாலுமே தோல் கொஞ்ச நேரம் மழமழவென்று தெரியும்; அந்தப் பெருமை க்ரீமுக்குப் போய்விடக் கூடாது. சேலத்துச் சித்திரை வெயிலில் கால் வீங்குவது, மாதவிடாய்க்கு முன் நீர் கோப்பது, எடை ஏறி இறங்குவது எல்லாம் இரண்டு பக்கமும்தான் நடக்கும். ஆக, வலது தொடையை ஒப்பிட்டுப் பார்க்க இடது தொடைதான் உங்கள் அளவுகோல்.

படி 2: டேப்

தையல் டேப் போதும். முழங்கால் சில்லின் மேல் விளிம்பிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து அங்கே அளக்கவும். டேப் தோலைத் தொட வேண்டும், அமுக்கக் கூடாது. முதல் நாளே 5 தடவை அளந்து பாருங்கள். எனக்கு வந்தது 54.2, 54.9, 54.4, 53.8, 54.6. ஒரே நாளில், ஒரே தொடையில் 1.1 செ.மீ. வித்தியாசம்! அப்புறம் ‘1 செ.மீ. குறைந்துவிட்டது’ என்று நான் எப்படித் துள்ளுவது? அதோடு, சுற்றளவு குறைந்தால் குழியும் குறைந்ததாக அர்த்தமில்லை.

படி 3: போட்டோ

ஜன்னலை மூடி, பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கு. நேர் வெளிச்சம் குழியை மறைத்துவிடும். போன் ஸ்டூல் மேல். ஸ்டூல் கால்களுக்கும் உங்கள் பாதத்துக்கும் தரையில் சாக்பீஸ் கோடு. ஃப்ளாஷ் வேண்டாம், ஃபில்டர் வேண்டவே வேண்டாம். தசையை இறுக்காமல் நில்லுங்கள். போட்டோ தானாக இணையத்தில் ஏறும் வசதியையும் அணைத்துவிடுங்கள், வீட்டு டீவியில் ஓடினால் மானம் போகும்.

படி 4: மதிப்பெண்

1978-இல் நூர்ன்பெர்கர், முல்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் செல்லுலைட்டுக்கு வகுத்த அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கிள்ளினாலும் குழி இல்லை என்றால் 0. கிள்ளினால் மட்டும் தெரிந்தால் 1. நின்றாலே தெரிந்தால் 2. படுத்தாலும் தெரிந்தால் 3. இதற்குள் வரும் சின்ன மாற்றத்தைப் பிடிக்கத்தான் போட்டோ.

போட்டோவுக்கு நீங்களே மார்க் போடாதீர்கள், காசு கொடுத்த கண் பொய் சொல்லும். எந்தத் தேதி, எந்தப் பக்கம் என்று சொல்லாமல் கலைத்துப்போட்டு என் நாத்தனாரிடம் கொடுத்தேன். “எல்லாம் ஒரே போட்டோ மாதிரிதானே இருக்கு அண்ணி?” என்றாள்.

படி 5: எத்தனை நாள்

டேப் அளவும் போட்டோவும் ஆரம்பத்தில் ஒரு தடவை, பிறகு மாதம் ஒரு தடவை என்று 3 மாதம். மாதவிடாய் முடிந்த 3-ஆம் நாள் காலையில் அளந்தால் சரி. ஏற்காடு மலையேறிவிட்டு வந்த மறுநாள் மட்டும் வேண்டாம். வலது தொடை தேறியதாகத் தெரிந்தால் க்ரீமை நிறுத்தி, ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். காஃபின் தரும் இறுக்கம் பெரும்பாலும் தற்காலிகம்தான். எனக்குத்தான் எதுவும் தேறவில்லையே, அந்த வேலையும் இல்லாமல் போயிற்று. மீதி க்ரீம் இப்போது குதிகால் வெடிப்புக்குப் போகிறது.