முதல் காட்சி தரும் தவறான சமிக்ஞைகள்

விளக்கு அணைந்ததும் பார்வையாளர் மனத்தில் ஓடும் முதல் கேள்வி, இந்தப் படத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான். ஒருவர் படிக்கட்டில் வழுக்கி விழுந்தால் சிரிக்கலாமா, பதற வேண்டுமா, அவரைத் தள்ளிவிட்டது யார் என்று யோசிக்க வேண்டுமா என்பதைத் தொடக்கக் காட்சி தீர்மானித்துத் தருகிறது. திகில், நகைச்சுவை, குடும்பக் கதை என்று படங்களைப் பிரித்து, வகைமை என்று நாம் சொல்வது நடைமுறையில் இதைத்தான். முதல் திரைக்கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வேலையை மறந்துவிட்டு, கதைத் தகவல்களை முதல் ஐந்து நிமிடங்களுக்குள் திணிப்பதிலேயே மும்முரமாக இருந்துவிடுகிறார்கள்.

மிகப் பரவலான தவறு, அலங்காரத்தை வகைமை என்று எண்ணிக்கொள்வது. மழை, மின்வெட்டு, கிரீச்சிடும் கதவு ஆகியவற்றை அடுக்கிவிட்டால் திகில் படம் தொடங்கிவிட்டதாக ஒரு நம்பிக்கை குறும்படக்காரர்களிடம் வேரூன்றியிருக்கிறது. தனியாக வசிக்கும் ஒருவர் இரவு வேலை முடிந்து வீடு திரும்பி, செருப்பைக் கழற்றும் இடத்தில், அவருடையதல்லாத இன்னொரு ஜோடிச் செருப்பு கிடப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் அதைக் கவனிக்காமல் கதவைத் திறந்து உள்ளே போய்விட, கேமரா மட்டும் அந்தச் செருப்பின் மேலேயே நின்றால் அது திகில். நமக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை. அவர் குனிந்து செருப்பைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் ஈரச் செம்மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தால் அது துப்பறியும் கதை. தன் காலை நுழைத்து அளவு பார்த்துவிட்டு, தேய்ந்துபோன தன் பழைய செருப்பை ஓரமாகத் தள்ளினால் நகைச்சுவை. செருப்பைக் கண்டதும் முகம் மாறி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வாசலில் தயங்கி நின்றால், வந்திருப்பவர் வெகுகாலமாகப் பேச்சுவார்த்தை இல்லாத உறவுக்காரர் என்று நாமே ஊகித்துக்கொள்வோம். அது குடும்பக் கதை. நான்குக்கும் அதே வாசல், அதே விளக்கு போதும். யாருக்கு எவ்வளவு தெரியும் என்பதும், ஷாட் எந்த இடத்தில் வெட்டப்படுகிறது என்பதும் மட்டுமே மாறியிருக்கின்றன.

அடுத்த தவறு, உச்சக்கட்டத்திலிருந்து கடன் வாங்குவது. இரத்தக் கறையோடு கதாநாயகன் ஓடிவருவான், திரை இருளும், ‘ஆறு மாதங்களுக்கு முன்பு’ என்ற எழுத்து தோன்றும், பிறகு அரை மணி நேரம் கல்லூரிக் கலாட்டா நடக்கும். அந்த இரத்தத்தைப் பார்த்துவிட்டவருக்குக் கலாட்டாவில் மனம் ஒட்டாது; எப்போது கத்தி வரும் என்று காத்திருப்பார். கொலையோடு தொடங்குவதே தவறு என்று இதற்குப் பொருளில்லை. எஸ். பாலச்சந்தர் இயக்கி 1954ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அந்த நாள்’, சிவாஜி கணேசன் சுடப்பட்டுச் சாவதோடுதான் தொடங்குகிறது. அங்கே அந்தச் சாவு பின்னால் வரவிருப்பதன் முன்னோட்டமாக நில்லாமல், படம் முழுவதும் விசாரிக்கப்போகும் கேள்வியாகவே நிற்கிறது. பாடல்கள் இல்லாத படம் என்பது அக்காலத்தில் பெரும் துணிச்சல். யார் சுட்டது என்ற ஆவலை முதல் நிமிடத்திலேயே மூட்டிவிட்டதால்தான் அந்தத் துணிச்சலுக்கு இடம் கிடைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு நேர் எதிரான தவறு, பார்வையாளரை அதிரவைக்க வேண்டும் என்பதற்காக வகைமையையே மறைத்துவைப்பது. இப்படிச் செய்கிறவர்கள் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வைத் (1960) துணைக்கு அழைப்பது வழக்கம். அலுவலகப் பணம் நாற்பதாயிரம் டாலரைத் திருடிக்கொண்டு ஓடும் பெண்ணின் கதையாகத் தொடங்கி, ஏறத்தாழ முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு அவளே கொல்லப்படும்போதுதான் அது வேறு படமாகிறது என்பது அவர்கள் வாதம். ஆனால் அந்தப் படத்தின் தொடக்கத்தைக் காது கொடுத்துக் கேட்டால் இந்த வாதம் நிற்காது. நரம்பு வாத்தியங்களை மட்டுமே கொண்டு பெர்னார்டு ஹெர்மன் அமைத்த இசை, பெயர்கள் ஓடும்போதே நம்மைத் துரத்தத் தொடங்கிவிடுகிறது. சால் பாஸ் வடிவமைத்த டைட்டிலில் கோடுகள் எழுத்துகளை அறுத்துக்கொண்டே செல்கின்றன. பிறகு கேமரா ஃபீனிக்ஸ் நகரத்தின் மேல் நகர்ந்து, பட்டப்பகலில், மறைப்பு முழுதும் மூடாத ஒரு விடுதி ஜன்னல் வழியாக அறைக்குள் நுழைகிறது. அடுத்தவர் அந்தரங்கத்தை எட்டிப் பார்க்கும் அச்சப் படம் இது என்பதைத் திருட்டு நடப்பதற்கு முன்பே சொல்லியாயிற்று. மறைக்கப்பட்டது கதையின் போக்குதான், வகைமை அல்ல. காதல் படம் போலத் தொடங்கி, இடைவேளையில் முன்னறிகுறி எதுவும் இல்லாமல் பேயைக் கொண்டுவருகிறவர், இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்.

டைட்டிலைச் சம்பிரதாயமாக நினைப்பதும் அடிக்கடி நேர்கிற பிழை. ஆர்சன் வெல்ஸின் ‘டச் ஆஃப் ஈவில்’ (1958), வெடிகுண்டின் நேரத்தை ஒரு கை திருகுவதிலிருந்து தொடங்கி, குண்டு வைக்கப்பட்ட கார் எல்லை நகரத்துத் தெருக்களில் ஊர்ந்துசெல்வதை மூன்று நிமிடங்களுக்கும் மேலாக வெட்டே இல்லாமல் காட்டுகிறது. அதன் மேல் ஸ்டுடியோ பெயர்ப் பட்டியலையும் ஹென்றி மான்சினியின் இசையையும் ஏற்றி வெளியிட்டது. வெல்ஸ் எழுதிவைத்திருந்த நீண்ட குறிப்பின்படி 1998இல் படம் மறுபடி தொகுக்கப்பட்டபோது பெயர்கள் அகற்றப்பட்டன; இசைக்குப் பதிலாகத் தெருவின் சத்தங்களும் கடைகளிலிருந்து கசியும் பாட்டுகளும் வந்தன. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், முதலாவதில் பெயர்களைப் படித்துக்கொண்டிருக்கிறோம், இரண்டாவதில் காரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். நம் ஊரில் ‘அண்ணாமலை’ (1992) அறிமுகப்படுத்திய ‘சூப்பர் ஸ்டார்’ எழுத்தும் ஒரு வகைமை அறிவிப்பே. வரப்போவது கொண்டாட்டம் என்று அரங்குக்கு அது சொல்லிவிடுகிறது. புது நடிகரை வைத்து மெல்லிய குடும்பக் கதை எடுத்தவர் அதே பாணியில் இடிமுழக்க டைட்டில் கார்டு போட்டால், விசில் அடிக்கத் தயாரான கூட்டம் முதல் பத்து நிமிடங்களிலேயே சலித்துப்போகும். தணிக்கைச் சான்றிதழ், நன்றி அட்டைகள், புகையிலை எச்சரிக்கை என்று வரிசையாகப் பார்த்துக் களைத்த கண்களுக்கு முன்தான் நம் முதல் ஷாட் வருகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பின்னணிக் குரலில் ஊரின் வரலாற்றையும் பகையின் காரணத்தையும் ஒப்பிப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ‘பரியேறும் பெருமாள்’ (2018) சாதியைப் பற்றி விளக்கவுரை எதுவும் இல்லாமல், கருப்பி என்ற வேட்டை நாயைத் தண்டவாளத்தில் கட்டிவைத்து ரயிலேற்றிக் கொல்வதைக் காட்டுகிறது. உடனே பழிவாங்கப் புறப்படாமல், நாய்க்காக ஒப்பாரி வைக்கிறது. நாம் பார்க்கப்போவது பழிவாங்கும் படம் அல்ல என்பது அந்த வரிசையிலேயே விளங்கிவிடுகிறது.

போஸ்டரும் டிரைலரும் வகைமையைச் சொல்லிவிட்டன என்று நம்பி முதல் காட்சியைச் சோம்பலாக எழுதுகிறவர்களும் உண்டு. டிரைலரைப் பார்க்காமல் ஓடிடியில் தற்செயலாகப் படத்தைத் திறப்பவரிடம் அந்த நம்பிக்கை எடுபடாது. தொகுப்பு முடிந்ததும், கதை தெரியாத ஒருவருக்கு முதல் ஐந்து நிமிடங்களை மட்டும் காட்டி, நன்றாக இருக்கிறதா என்று கேட்பதை விட்டுவிட்டு, அடுத்து என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவருடைய ஊகம் தவறாக இருந்தாலும் பரவாயில்லை. திகில் படத்துக்குக் கல்யாணத்தை ஊகித்தால் மட்டும் தொகுப்பு மேசைக்குத் திரும்புங்கள்.