குதிவாதத்தோட ஓடுறவங்க டேப் போடுறது எப்படி

காலைல எந்திரிச்சு முதல் அடி வைக்கும்போது குதிகாலோட உள்பக்கம் சுள்ளுன்னு குத்துது, கொஞ்சம் நடந்தா லேசாகுது, ஓடி முடிச்சு உக்காந்து எந்திரிச்சா திரும்ப குத்துதுன்னா பெரும்பாலும் பிளான்டார் ஃபேஷியைட்டிஸ்தான், நம்மூர்ல குதிவாதம்பாங்க. குதிகால் எலும்புல ஆரம்பிச்சு விரல் அடி வரைக்கும் போற தடிச்ச ஜவ்வு, நீங்க அடி வைக்க வைக்க இழுபடுது. அந்த இழுப்பை குறைக்கத்தான் டேப், வலிக்கிற எடத்தை இறுக்கி கட்டுறதுக்கு இல்ல. இது தெரியாம குதிகாலை சுத்தி கிரேப் பேண்டேஜ் கட்டிட்டு ஒண்ணும் கேக்கலன்னு சொல்றவங்க நெறைய பேரு.

பிசியோக்கள் ரொம்ப காலமா இதுக்கு போடுறது லோ-டை டேப்பிங். மெடிக்கல்ல ஜிங்க் ஆக்ஸைடு டேப்னு கேளுங்க, இழுத்தா நீளாதது, 2.5 செ.மீ. இல்ல 3.8 செ.மீ. அகலம். கலர் கலரா வர்ற கினீசியோ டேப் நீளும், இந்த முறைக்கு சரிவராது.

காலை சோப்பு போட்டு கழுவி நல்லா காய விடுங்க, ராத்திரி தேங்காண்ணெய் தடவின காலா இருந்தா வார்ம்-அப்லயே டேப் சுருண்டுக்கும். உக்காந்து காலை நீட்டி பாதத்தை தளர்வா விடுங்க, கூட ஒரு ஆள் இருந்தா நல்லது, தானே ஒட்டினா அனேகமா கோணலாத்தான் வரும்.

முதல்ல ஆங்கர், அதாவது மத்த பட்டைங்களை ஒட்டுறதுக்கு ஆதாரமா போடுற முதல் பட்டை. சுண்டுவிரலுக்கு பின்னாடி பாதத்துல ஒரு மேடு இருக்குல்ல, அதுக்கு சற்று பின்னால வெளி ஓரத்துல ஆரம்பிச்சு, ஓரமாவே போய் குதிகாலை பின்பக்கமா சுத்தி, உள் ஓரமா வந்து பெருவிரல் மேட்டுக்கு பின்னால முடிக்கணும். முடிக்கிறப்போ பெருவிரல் மேட்டை மேலேர்ந்து கையால கீழ அழுத்தி பிடிச்சுக்கங்க, அப்பதான் உள்ளங்காலோட வளைவு தூக்கி நிக்கும், பாதி பேரு விடுறது இங்கதான். பின்னாடி அக்கிலீஸ் (கெண்டைக்கால்லேர்ந்து குதிகாலுக்கு வர்ற தசைநாண்) மேல ஏறிடுச்சுன்னா ஷூ உரசி தோல் போயிடும், அதனால தாழ்வாவே போகணும்.

அப்புறம் குறுக்கு பட்டைங்க. வெளி ஓரத்துல ஒட்டி, அடிப்பாதம் வழியா உள்பக்கம் கொண்டுவந்து, கடைசில மேல்நோக்கி இழுத்து ஆங்கர்ல ஒட்டுங்க. திசை எப்பவும் வெளியேர்ந்து உள்ள. குதிகாலுக்கு முன்னாடி தொடங்கி, ஒண்ணு மேல ஒண்ணு பாதி ஏறுற மாதிரி நாலஞ்சு போதும். சுருக்கம் விழுந்தா உரிச்சு புதுசு ஒட்டுங்க, சுருக்கத்துலதான் கொப்புளம் வரும். கடைசியா முதல் ஆங்கர் மேலயே இன்னொண்ணு ஒட்டி பூட்டிடுங்க. பாதத்தோட மேல்பக்கத்தை சுத்தி இறுக்க வேண்டாம்.

எந்திரிச்சு நடந்து பாருங்க, குத்தல் அப்பவே கொஞ்சமாவது குறையணும், துளிகூட மாறலன்னா இழுப்பு பத்தல, திரும்ப போடுங்க. விரல் மரத்தாலோ நீலமானாலோ உடனே உரிச்சிடணும். வேர்த்து நனைஞ்சுட்டா அன்னைக்கே கழட்டிடுங்க. கழட்டும்போது ஓரத்துல எண்ணெய் விட்டு, தோலை ஒரு கையால அமுக்கிக்கிட்டு மெதுவா உரிங்க.

டேப் கொடுக்கிறது கொஞ்ச நாள் நிம்மதிதான், கெண்டைக்கால் ஸ்ட்ரெச்சும் ஓட்டத்தை குறைக்கிறதும் இல்லாம இது தீராது. குதிகாலை ரெண்டு பக்கமும் சேத்து அமுக்கினா உயிர் போற மாதிரி வலிச்சா எலும்புல விரிசல் இருக்கலாம், டேப் போட்டு ஓடாம டாக்டர்கிட்ட போங்க. 8லேர்ந்து 14 வயசு பிள்ளைங்களுக்கு வர்ற குதிகால் வலி பெரும்பாலும் வளர்ற எலும்போட பிரச்சனை, அதுவும் வேற. சுகர் இருந்து பாதம் மரத்துப்போறவங்க வீட்ல இதை முயற்சி பண்ணவே வேண்டாம், டேப் அறுத்தாகூட அவங்களுக்கு தெரியாது.