மே மாதச் சென்னை: பெற்றோரைப் பார்க்க வருகிறவர்களுக்கு

லீவு கிடைப்பதே மே மாதத்தில்தான் என்றால் கத்திரி வெயிலுக்குத் துணிந்துதான் வர வேண்டும். மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை இழுக்கும். அதோடு விட்டுவிடும் என்றும் சொல்ல முடியாது. 2003-இல் சென்னை 45 டிகிரியைத் தொட்டது மே 31 அன்று. மதியம் கடல் காற்று நேரத்தோடு வந்தால் தப்பித்தோம், தாமதமானால் வெந்து போவோம். வெளிவேலைகளைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள்.

வந்ததும் பலர் அப்பா அம்மாவுக்கு ஏசி வாங்கிப் போடுகிறார்கள். போடுங்கள். நீங்கள் விமானம் ஏறியதும் கரன்ட் பில்லுக்குப் பயந்து அணைத்துவிடுவார்கள், அது வேறு விஷயம். 1995 ஜூலையில் சிகாகோவில் வெயிலுக்கு 700 பேருக்கு மேல் பலியானார்கள். தனியாக வசித்த முதியவர்கள் அதில் ஏராளம். கதவைத் தட்ட ஆளில்லை.

அதனால் ஊரில் இருக்கும் நாட்களில் நாலு பேரைப் பழகிக்கொள்ளுங்கள். எதிர் ஃப்ளாட்காரர், வாட்ச்மேன், வீட்டு வேலைக்கு வரும் அக்கா, தெருமுனை அயர்ன் வண்டி அண்ணன். சாக்லேட் டப்பா அசோசியேஷன் செக்ரட்டரிக்கு மட்டும் போனால் போதாது. தெருவில் யார் வந்தார், யாரைக் காணோம் என்பது அயர்ன்காரருக்குத்தான் தெரியும். கரிப்பெட்டி அனலில் நாளெல்லாம் நிற்கிறவர்; அவருக்கு மோர் கொடுத்தனுப்பும் பழக்கத்தையும் வீட்டில் தொடங்கி வையுங்கள். “கேட்டில் மாட்டிய பையில் பால் பாக்கெட் எட்டு மணிக்கும் அப்படியே இருந்தா பெல் அடிச்சுப் பாருங்கண்ணே” என்று பெற்றோர் எதிரிலேயே சொல்லுங்கள். இல்லாவிட்டால் “அவங்களுக்கு எதுக்குத் தொந்தரவு” என்று அம்மா தடுத்துவிடுவார்.

மாற்றுச் சாவி ஒன்று எதிர் வீட்டில் இருக்கட்டும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள ஃப்ளாட் இரவிலும் அனல் கக்கும். மதியப் பொழுதைக் கீழ்வீட்டு ஹாலில் கழிக்க முடியுமா என்று கேட்டு வையுங்கள். கரன்ட் போனால் யார் வீட்டில் இன்வெர்ட்டர் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கோடைக்கு முன் டாக்டரைப் பார்ப்பது நல்லது.

உடம்பு நெருப்பாகச் சுட்டு, பேச்சு குழறினால் அது வெறும் மயக்கம் அல்ல. ஆம்புலன்ஸ் வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீரால் நனைத்து ஃபேன் காற்றில் வைக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இதை எதிர் வீட்டாருக்கும் சொல்லிவிடுங்கள். லண்டனிலிருந்து 108-ஐ அழுத்தினால் சென்னை ஆம்புலன்ஸ் வராது. எதிர் வீட்டு எண்ணை +91 சேர்த்துப் பதிந்துகொண்டு கிளம்புங்கள்.